அர்த்தம் தெரியாமல் வாசித்த ஒன்பது தாள்கள்

மேசையில் ஒரு தட்டு தட்டினால் அந்த வரியை மறுபடி வாசிக்க வேண்டும். இரண்டு தட்டினால் நிறுத்த வேண்டும். தட்டாமல் இருந்தால் போய்க்கொண்டே இருக்க வேண்டும். எனக்கும் பேராசிரியைக்கும் நடுவில் இருந்த ஒப்பந்தம் இவ்வளவுதான். நான் வாசித்தது இத்தாலி மொழி. அதில் ஒரு சொல்லுக்கும் எனக்குப் பொருள் தெரியாது. திண்டுக்கல் பேகம்பூருக்கு வெளியே, மூடிக்கிடந்த தோல் ஷாப்பின், அதாவது தோல் பதனிடும் ஆலையின், பழைய அலுவலக அறையில், பகல் பன்னிரண்டு மணி வெயிலில், என் வாயிலிருந்து வரும் சத்தத்தை அவர் கண்களை மூடிக்கொண்டு கேட்பார். சில இடங்களில் சிரிப்பார். என்ன சொல்லிச் சிரிக்க வைத்தேன் என்று எனக்குத் தெரியாது. அந்தச் சிரிப்பு முடியும்வரை ஜன்னல் வழியே மலைக்கோட்டைப் பாறையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நான் எட்டாவது வரை படித்தவன். சொந்த ஊர் சின்னாளப்பட்டிப் பக்கம். பதினாறு வயதில் கிளம்பி, மும்பைப் பக்கம் பிவண்டியில் தறி ஓட்டினேன், கோவாவில் ஓட்டல் பாத்திரம் கழுவினேன், ஆந்திராவில் போர்வெல் லாரியில் வேலை செய்தேன். எந்த ஊரிலும் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்ததில்லை. ஏதாவது கெட்டுப்போனாலும் பையைத் தூக்குவேன், எல்லாம் நன்றாகப் போக ஆரம்பித்தாலும் தூக்குவேன். போர்வெல் குழாய் சரிந்து முழங்கால் போன பிறகு ஊர்ப்பக்கம் வந்தேன். அப்போது நாற்பத்து மூன்று வயது. தோல் ஷாப்புக்குக் காவலாள் தேடினார்கள். மூடிக்கிடக்கும் இடத்தில் திருட என்ன இருக்கிறது என்று கேட்டேன். உள்ளே ஒரு அம்மா இருக்கிறார்கள் என்றார்கள்.

அந்த அம்மாதான் பேராசிரியை. ஷாப் முதலாளியின் மகள். திருமணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில். டவுனுக்குள் இருந்த குடும்ப வீட்டை விற்றபோது, வேறெங்கும் போக மாட்டேன் என்று இந்த அலுவலகக் கட்டடத்துக்குக் கட்டிலையும் புத்தகங்களையும் கொண்டுவந்துவிட்டார். சமைக்க, பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அக்கா காலையில் வந்து சாயங்காலம் போவார். வெளியே வரிசையாக வெள்ளை பூத்த சுண்ணாம்புத் தொட்டிகள். முப்பது வருடமாகத் தோல் படாத தொட்டிகள். ஆனால் வெயில் ஏற ஏற ஒரு வாடை வரும். ஓரத்தில் பெரிய கிணறு. அதற்குள் இறங்க இரும்பு ஏணி. தண்ணீருக்குள் நிற்கும் மோட்டார்க் குழாயின் அடி வாயில், ஃபுட்வால்வில், குப்பை அடைத்துக்கொள்ளும் என்பதால் வாரம் ஒருமுறை நான் அதில் இறங்க வேண்டும்.

அவர் எப்படி இந்த மொழிக்குப் போனார் என்பதை டீ குடிக்கும் நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லியிருக்கிறார். இங்கே பதனிட்ட ஆட்டுத்தோல் இத்தாலிக்குத்தான் போனது. அங்கிருந்து கடிதங்கள் வரும். அதை மெட்ராஸுக்கு அனுப்பி மொழிபெயர்த்து வாங்குவதற்குள் மாதம் ஓடிவிடும். வாங்குபவரிடம் சொல்லி அப்பா ஓர் அகராதி வரவழைத்தார். குமாஸ்தா அதைத் தொடவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் தொட்டாள். உப்பு, கப்பல், ஈரம், வருந்துகிறோம். இவைதான் தனக்குத் தெரிந்த முதல் இத்தாலிச் சொற்கள் என்பார். பதினைந்து வயதில் ஷாப்பின் கடிதங்களை அவர்தான் படித்துச் சொன்னார். இருபது வயதில் உதவித்தொகை கிடைத்து அங்கேயே படிக்கப் போனார். தோல் விற்கப் போனாலாவது புரியும், கவிதை படிக்கவா கப்பல் ஏறுகிறாள் என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்களாம்.

அங்கே ஒரு நூலகத்தில் ஒல்லியான கவிதைப் புத்தகம் ஒன்று கண்ணில் பட்டது. நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய ஒரு சிற்றூர்ப் பெண் எழுதியது. முப்பது வயதில் அந்த ஒரு புத்தகம். பிறகு இன்னொரு முப்பது வருடம் உயிரோடு இருந்தாள், ஒரு வரி எழுதவில்லை. நோய் என்றார்கள், புருஷன் என்றார்கள், புத்தி பேதலித்தது என்றார்கள். எங்கள் பேராசிரியை எழுதினார்: எதுவும் இல்லை, அவள் தெரிந்தே நிறுத்தினாள், அந்த மௌனம்தான் அவளுடைய கடைசிக் கவிதை. அதுதான் அவருடைய முனைவர் பட்டம், அதுதான் அவருடைய புத்தகம், அதை வைத்துத்தான் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் முப்பது வருட வேலை. சில வருடம் வகுப்பில் நான்கு பேர். ஒரு வருடம் ஒரே ஒரு பெண். அந்த ஒருத்திக்கும் எழுந்து நின்று, கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரிதான் பாடம் நடத்தினாராம். ஐரோப்பாவில் கருத்தரங்குக்குப் போனால் முதலில் யோகாசனம் பற்றிக் கேட்பார்கள், அப்புறம்தான் மற்றதெல்லாம். துறைத் தலைவர் ஆகவே இல்லை. அதைப் பற்றி அவர் வருத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

ஓய்வு பெற்ற பிறகு கண் போயிற்று. முழுக்க அல்ல. ஓரத்தில் தெரியும், நடுவில் தெரியாது. "உன்னை நேராப் பார்த்தா மூஞ்சி இருக்க வேண்டிய இடத்துல சாம்பல் வட்டம்தான் இருக்கு தம்பி. அதனாலதான் உன்கிட்ட இம்புட்டு மரியாதையாப் பேசுறேன்" என்பார். அந்தச் சமயத்தில்தான், அந்தக் கவிதைக்காரப் பெண்ணின் வீட்டுப் பரணில் ஒரு நோட்டு அகப்பட்டது. கடைசிக் காலத்து நோட்டு. அங்குள்ள ஆவணக் காப்பகத்தார் அதைத் தாள் தாளாக அச்சில் அடித்து, அவளைப் பற்றி எழுதிய சிலருக்கு அனுப்பினார்கள். உலகத்தில் இவரைவிட அதற்காகக் காத்திருந்தவர்கள் இருக்க முடியாது. ஆனால் வாசிக்கக் கண் இல்லை. போனில் வாசிக்கும் இயந்திரக் குரலைப் போட்டுப் பார்த்தார். "எல்லா வரியையும் ஒரே மாதிரி மழிச்சு விடுது" என்று நிறுத்திவிட்டார்.

கோவாவில் இருந்ததால் ஆங்கில எழுத்து எனக்குப் பழக்கம். அதே எழுத்துதான் என்றார். இரண்டு வாரம் சத்தங்களை மட்டும் சொல்லிக்கொடுத்தார். "எழுதினபடி வாசி, போதும். இங்கிலீஷ் மாதிரி ஏமாத்தாது. சொல்லு முடியுற இடத்துல வாய் திறந்தே இருக்கும், நம்ம ஆளுகளுக்கு அது வரும்." வந்தது. பொருள் சொல்லித்தரட்டுமா என்று ஒருமுறை கேட்டார். வேண்டாம் என்றேன். அவரும் சந்தோஷப்பட்டார். பொருள் தெரிந்தவன் தனக்குப் பிடித்த சொல்லில் குரலை அழுத்துவான், தெரியாதவன் இருப்பதை இருக்கிறபடி கொடுப்பான் என்றார்.

அந்த நோட்டில் ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் என்ன இருந்தது என்று சொல்வார். இன்று மழை. இன்று கோழி முட்டையிடவில்லை. விரிப்புகளைத் துவைத்துப் போட்டோம், காயவில்லை. இப்படியே வாரக்கணக்கில். அவர் சொன்னது சரி என்றுதானே ஆகிறது, அவள் ஒரு வரி கவிதையும் எழுதவில்லை. சந்தோஷப்பட வேண்டியவர் நாளுக்கு நாள் வாடிக்கொண்டே போனார். சோறு இறங்கவில்லை. ஒருநாள் அக்கா வெஞ்சனத்தைத் தட்டில் வைத்துவிட்டு, "அந்தக் கோழி முட்ட போட்டுச்சா இல்லையா? அத மொதல்ல சொல்லுங்க, நானும் நிம்மதியா வீட்டுக்குப் போவேன்ல" என்றார். பேராசிரியை சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "நாப்பது வருஷமா நான் சொன்னது சரியாப் போயிடும் போல. தப்பா இருந்திருக்கக் கூடாதான்னு இருக்கு."

ஐப்பசியில் இரண்டு நாள் அடைமழை. ஓடு ஒழுகியது. டவுனில் டாக்டரைப் பார்க்க அவர் போயிருந்தார். நான் அவசரமாக அலமாரிகளைக் காலி செய்தேன். நனைந்த தாள்களைப் பிரித்து, மின்விசிறிக்குக் கீழே உலர்த்தி, தமிழ் தனியாக, ஆங்கிலம் தனியாக, இத்தாலி தனியாகக் கட்டி வைத்தேன். என் கண்ணுக்கு இத்தாலி என்றால் எல்லாம் இத்தாலிதான். எந்த அலமாரியில் இருந்தது, யார் எழுதியது என்ற பேதம் எனக்குத் தெரியாது. ஒழுங்காக அடுக்கிவிட்டேன் என்று பெருமையாகக்கூட இருந்தது.

மழை விட்ட மறுநாள் பகல். வெளியே ஈர வெயில். தொட்டிகளிலிருந்து அந்த வாடை ஏறிக்கொண்டிருந்தது. கோழி, விரிப்பு என்று இரண்டு பக்கம் வாசித்தேன். அடுத்து மெல்லிய தாள் வந்தது, எழுத்தும் கொஞ்சம் வேறு மாதிரி. வாசித்தேன். நான்கைந்து வரி போனதும் மேசையில் இருந்த அவர் விரல்கள் விறைத்தன. தட்டவில்லை. நான் போய்க்கொண்டே இருந்தேன். அவர் எழுந்து நின்றார். சேலைத் தலைப்பு தலையிலிருந்து நழுவியது, எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை. என் குரல் எனக்கே வேறு மாதிரிக் கேட்டது. சொற்கள் என்னை இழுத்துக்கொண்டு போயின, நான் தள்ளிக்கொண்டு போகவில்லை. ஒன்பது தாள். முடிந்தபோது அக்கா கதவருகே கரண்டியோடு நின்றிருந்தார்.

"யாரு வந்திருக்கா?" என்றார்.

"யாரும் வரலயே."

"ஏலே, பொய் சொல்லாத. ஒரு பொம்பள பேசுன சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு. எளவயசுப் பொம்பள."

பேராசிரியை அதைக் கவனிக்கவே இல்லை. "எழுதியிருக்கா தம்பி. அவ எழுதியிருக்கா" என்று மட்டும் சொன்னார். பிறகு, என்ன எழுதியிருக்கிறாள் என்று சொன்னார். வெள்ளைத் தொட்டிகள். உரித்த தோலின் வாடை. படுத்திருக்கும் மிருகத்தைப் போல ஊர் நடுவில் ஒரு பாறை. கிணறு. கிணற்றுக்குள் இறங்கும் ஏணி, அதில் மூன்றாவது படி இல்லை.

"அவ ஊர்ல தோல் ஷாப் கிடையாது. பாறை கிடையாது. நான் அந்த ஊர்லயே ஆறு மாசம் இருந்திருக்கேன்" என்றார். குரல் சின்னப் பிள்ளையின் குரலைப் போல இருந்தது. "அவ எப்படி இங்க வந்தா?"

நான் வெளியே போய்க் கிணற்றடியில் நின்றேன். உள்ளே எட்டிப் பார்த்தேன். அந்த ஏணியில் மூன்றாவது படி இல்லைதான். அதை உடைத்தது நான். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், துருப்பிடித்திருந்த படி என் கால் பட்டு முறிந்து தண்ணீரில் விழுந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அதைத் தாண்டித்தான் இறங்கிக்கொண்டிருந்தேன்.

அடுத்த பத்து நாளும் அந்த ஒன்பது தாள்களையே வாசித்தோம். அவர் நன்றாகச் சாப்பிட்டார். இப்படியொன்று நடந்தால் ஆராய்ச்சி செய்கிறவர் முதலில் தன் காதைத்தான் சந்தேகப்பட வேண்டும் என்று அவரே சொன்னார். சந்தேகப்படத் தனக்கு நேரமில்லை என்றும் சொன்னார். எதிரே ஆள் இருப்பதுபோல அந்த மொழியில் பேசுவார். பதில் வரும் அளவுக்கு நிறுத்துவார், தலையாட்டுவார், மறுபடி பேசுவார். அக்கா பன்னிரண்டு மணிக்கு முன்னால் சமையலை முடித்துவிட்டுக் கேட்டுக்கு வெளியே போய் உட்கார ஆரம்பித்தார். "நீ வாசிக்கிறப்ப உன் வாயைப் பாத்தேன். வாய் உன்னுது. கொரல் உன்னுது இல்ல" என்றார். சும்மா கேலிக்காகச் சொல்கிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை.

பேராசிரியையின் மாணவி ஒருத்தி, அந்த ஒற்றை ஆள் வகுப்பில் படித்தவர், இப்போது அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அவருக்குப் போன் போட்டு இவர் சொன்னதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த மாதம் ஒரு கருத்தரங்கு இருக்கிறது, அதில் என் சார்பாக நீ வாசி, என் புத்தகம் தப்பு, அவள் மௌனமாகப் போகவில்லை, என்னிடம் ஆதாரம் இருக்கிறது. தாள்களைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள் என்றார் மாணவி. கோழித் தாள்கள்தான் அவருக்கும் காப்பகத்திலிருந்து வந்திருந்தன. இந்த ஒன்பது தாள் வரவில்லை.

படம் எடுப்பது என் வேலை. தாள்களைக் கிணற்றடிச் சுவரில் வெயிலில் வைத்து எடுத்தேன். காற்றில் ஒரு தாள் புரண்டது. பின்பக்கத்தில், தோல் ஷாப்பின் பெயர். வட்டத்துக்குள் நிற்கும் ஆடு. எங்கள் துருப்பிடித்த கேட்டில் இருக்கும் அதே ஆடு. ஒன்பதையும் புரட்டிப் பார்த்தேன். ஒன்பதிலும் ஆடு. ஒரு பக்கம் மட்டுமே எழுத்து இருந்ததால் பின்பக்கத்தை அதுவரை நான் கவனித்ததே இல்லை.

நான் முட்டாள் இல்லை. மழையன்று எல்லா இத்தாலியையும் ஒன்றாகக் கட்டி என்ன செய்துவிட்டேன் என்று அங்கேயே புரிந்தது. அனுப்பினால், நாற்பது வருடப் பெயர் ஒரு நிமிடத்தில் சிரிப்பாகிவிடும். கண் போன கிழவி தன் வீட்டு லெட்டர்பேடைப் பார்த்து இத்தாலிக்காரி எழுதியது என்கிறாள் என்பார்கள். சொன்னால், இந்தப் பத்து நாள் அவர் முகத்தில் இருந்தது போய்விடும். இரண்டும் செய்யாமல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பலாம். அதுதான் எனக்குப் பழக்கம். பை கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அன்று அதை எடுக்கவில்லை. உள்ளே போய்ச் சொன்னேன்.

"மேடம், இந்தத் தாளுக்குப் பின்னாடி நம்ம ஷாப் பேரு போட்டிருக்கு."

கையை நீட்டினார். கொடுத்தேன். ஆடு புடைப்பாக அச்சிட்டது. அதன்மேல் விரலை ஓட்டினார். கொம்பு, முதுகு, கால்.

"இங்கிலீஷ் ஈ எழுத்து எல்லா இடத்துலயும் செத்த மேல ஏறி நிக்குதா?"

பார்த்தேன். நின்றது. "ஆமா மேடம்."

"அப்ப இது நான்" என்றார்.

இத்தாலிக்குப் போன முதல் வருடக் கோடையில் மஞ்சள் காமாலை வந்து ஊர் திரும்பியிருக்கிறார். பகலெல்லாம் இந்த அறையில் வந்து படுத்துக்கொண்டு, அந்தப் பெண்ணின் நடையிலேயே தானும் எழுதிப் பார்த்து, ஷாப்பின் தட்டச்சில் அடித்திருக்கிறார். திரும்பிப் போனதும் வழிகாட்டிப் பேராசிரியரிடம் ஒன்றைக் காட்டினாராம். நல்ல நகல், இதைவிட ஆராய்ச்சி எழுதினால் பிழைத்துக்கொள்வாய் என்றாராம் அவர். "எரிச்சிடச் சொல்லி வீட்டுக்கு எழுதினேன். யாரோ எரிக்கல." கொஞ்சநேரம் ஆட்டைத் தடவிக்கொண்டிருந்தார். "அவ ஏன் நிறுத்தினான்னு நான் அம்புட்டு நிச்சயமா எழுதினேனே, எங்க இருந்து வந்துச்சு அந்த நிச்சயம்னு இப்பத்தான் தெரியுது."

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. போனை எடுத்துக் கொடுக்கச் சொல்லி, மாணவியிடம் பழைய முடிவே சரி, நான் சொன்னதை விட்டுவிடு என்றார். அந்தத் தாள்கள் யாருடையவை மேடம் என்று மாணவி கேட்டது எனக்கும் கேட்டது. "ஒரு தோல் வியாபாரி மகளோடது. ஒண்ணும் பெரிசா வரல" என்றார். அவருடைய நாற்பது வருடப் பெயர் தப்பியது.

போனை வைத்த பிறகு என்னிடம் கேட்டார்: "அந்த ஏணியை எப்பப் போட்டாங்கன்னு உனக்குத் தெரியுமா தம்பி?" தெரியாது என்றேன். "மோட்டார் வச்சப்ப. நான் வடக்க வேலைக்குப் போய்ப் பத்து வருஷம் கழிச்சு. நான் இதை அடிச்சப்ப அங்க ஏணியே கிடையாது." அந்தப் படி என் காலால் உடைந்தது என்று அப்போதுதான் சொன்னேன். அவருடைய ஓரப்பார்வை என்மேல் நின்றது. "அந்த வரி முழுசா என்ன தெரியுமா? மூணாவது படி இல்லாத ஏணியில இறங்கி ஏறுற ஒருத்தன், இந்தப் பாஷை தெரியாதவன், ஒருநாள் இதை எனக்கு வாசிப்பான். இதை நான் எழுதின ஞாபகமே எனக்கு இல்ல."

"அதுக்கு அடுத்த வரி?" என்றேன்.

"அவன் என்ன ஆவான்னு இருக்கு."

"என்ன ஆவான் மேடம்?"

மேசையில் இரண்டு தட்டு தட்டினார்.

அதற்குப் பிறகும் தினமும் பன்னிரண்டு மணிக்கு வாசித்தேன். தன்னுடையது என்று தெரிந்துகொண்டு கேட்டார். ஒரு தட்டு தட்டி ஒரே வரியைப் பலமுறை கேட்பார். சில வரிகளுக்கு முகம் சுளிப்பார். மாசியில் ஒருநாள், போதும், இந்தத் தடவையாவது எரித்துவிடு என்றார். காய்ந்த சுண்ணாம்புத் தொட்டிக்குள் போட்டு எரித்தேன். ஜன்னலில் நின்று புகையை முகர்ந்தார். மறுநாள் பன்னிரண்டு மணிக்கு வெறும் கையோடு எதிரே உட்கார்ந்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் வாயைத் திறந்தேன். முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை தானாக வந்தது. அவர் ஒருமுறைகூடத் தட்டவில்லை. பங்குனிக் கடைசியில், ஒரு காலை நேரத்தில், ஆஸ்பத்திரியில் இறந்தார். பேகம்பூரில் அடக்கம் செய்தார்கள். சித்திரையில் ஷாப் கைமாறியது. தொட்டிகளை இடித்து மனைக்கல் நட்டுவிட்டார்கள். கிணற்றையும் தூர்த்துவிட்டார்கள்.

நான் இப்போது கொடைரோடு ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு டீக்கடையில் இருக்கிறேன். இரண்டு வருடம் தாண்டிவிட்டது. என் கணக்கில் இது அதிகம். மத்தியானம் ரயில் இல்லாத நேரத்தில், கடைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒன்பது தாளையும் சொல்வேன். மாணவி எங்கிருந்தோ விஷயம் தெரிந்து போன் செய்தார். அக்காதான் சொல்லியிருக்க வேண்டும். வந்து பதிவு செய்துகொள்ளட்டுமா, ஒவ்வொரு வரிக்கும் பொருள் எழுதித் தருகிறேன் என்கிறார். வாங்க என்று சொல்லிவிட்டேன். பொருள் மட்டும் எனக்கு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். நான் என்ன ஆவேன் என்கிற அந்த வரி உள்ளே எங்கேயோ இருக்கிறது. தினமும் நானே அதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எந்த வரி என்றுதான் தெரியாது.